மங்கல மஞ்சள்

வேலை போனதும் மயிலாப்பூர் தம்பி கலங்கவில்லை. மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கலாமா என்று யோசித்தார். நல்ல யோசனை. நிறமும் மங்கலம்.

சட்டமும் தாயுள்ளம் கொண்டது. கம்பெனிகள் திவாலாக 2016-இல் புதுச் சட்டம் வந்தது. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களும் அதில் ஏறிக்கொண்டார்கள். மாதச் சம்பளக்காரருக்கு, சென்னையில், இன்னும் 1909-ஆம் வருடத்துச் சட்டம்தான். பழசு என்றால் கெட்டி. 500 ரூபாய்க் கடன் இருந்தாலே தகுதி வந்துவிடும். தம்பிக்கு டீக்கடைப் பாக்கியே அதைத் தாண்டும்.

துணிமணி, படுக்கை, பாத்திரம், தொழில் கருவி எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்புவரை யாரும் தொடமுடியாதாம். என்ன தாராளம்! அன்றிரவே குக்கரைக் கீழே இறக்கிக் கணக்குப் போட்டார். மூடி தேறியது. விசில் சேர்த்தால் வேட்டி போய்விடும். விசிலை விட்டுக்கொடுத்தார்.

மறுநாள் வக்கீல் ஃபீஸைச் சொன்னார். தம்பி திகைத்து நின்றபோது போன் அடித்தது. “சார், பர்சனல் லோன், பத்து லட்சம், உங்களுக்கு ஏற்கெனவே அப்ரூவ் ஆயிடுச்சு.”

வாங்கிவிட்டார். ஃபீஸ் போக மிச்சத்தில் விசிலோடு ஒரு குக்கர்.