பேசியவர்கள் பெயர்ப் பட்டியல்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பாரம் குறைந்துவிட்டது. தேசியப் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனமே எடை பார்த்துச் சொல்லியிருக்கிறது. கொரோனாவில் பிள்ளைகள் களைத்துப் போனார்களாம். அதனால் 2023இல் வந்த அரசியல் பாடநூலில் மூன்று அத்தியாயங்களைக் காணோம்: ஜனநாயகமும் பன்முகத்தன்மையும், மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும், ஜனநாயகத்துக்கு முன்னுள்ள சவால்கள். களைத்த பிள்ளைக்கு எலுமிச்சைச் சாறு கொடுப்பது பழைய வைத்தியம். ஜனநாயகத்தைக் குறைத்துக் கொடுப்பது புது வைத்தியம்.

சும்மா கிழித்துப் போடவில்லை. அளவுகோல் வைத்துத்தான் கிழித்தார்கள். வேறு வகுப்பிலும் வரும் பாடம், கடினமான பாடம், ஆசிரியர் துணையில்லாமல் பிள்ளைகளே கற்றுக்கொள்ளக்கூடிய பாடம், இன்றைய சூழலுக்குப் பொருந்தாத பாடம் ஆகியவை போகலாம் என்பது விதி. நியாயம்தானே? ஜனநாயகத்துக்குச் சவால் என்று எதுவும் இப்போது இல்லை, எனவே அந்த அத்தியாயம் சூழலுக்குப் பொருந்தாது. போராட்டத்தைப் பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொள்வார்கள். தடியடி வாங்க ஆசிரியர் எதற்கு? பன்முகத்தன்மை நிச்சயம் கடினமான பாடம். பெரியவர்களே இன்னும் பாஸ் ஆகவில்லை.

அந்தப் பக்கங்களில் அப்படி என்ன பாரம் இருந்தது? பொலிவியாவில் கொச்சபம்பா என்றொரு நகரம். தண்ணீர் விநியோக உரிமையை அரசு ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்கு விற்றது. கட்டணம் நான்கு மடங்கு ஏறியது என்றது பாடம். சராசரி மாத வருமானம் ஏறக்குறைய 5,000 ரூபாயாக இருந்த நாட்டில் தண்ணீர் பில் 1,000 ரூபாய்க்கு வந்தது என்று நம் பிள்ளைகளுக்குப் புரியும்படி ரூபாயிலேயே எழுதியிருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் மக்கள் தெருவில் இறங்கி அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்ய வைத்தார்கள். லாரித் தண்ணீருக்கு பிளாஸ்டிக் குடத்தோடு வரிசையில் நிற்கும் வீட்டுப் பிள்ளை இதைப் படித்தால் என்ன ஆகும்? வீட்டுக்குப் போய்க் கணக்குப் போடும். கணக்குக்குத் தனிப் புத்தகம் இருக்கிறது. ரயில் எத்தனை மணிக்கு ஊர் போய்ச் சேரும் என்று அதில் போடட்டும்.

பக்க ஓரங்களில் உன்னி, முன்னி என்று இரண்டு கேலிச்சித்திரப் பிள்ளைகள் நின்றுகொண்டு, பாடம் சொல்வதையே மடக்கிக் கேள்வி கேட்பார்கள். அதையாவது மன்னிக்கலாம். மன்னிக்கவே முடியாத குற்றம் ‘சவால்கள்’ அத்தியாயத்தின் முடிவில் இருந்தது. நல்ல ஜனநாயகம் என்றால் என்னவென்று உன் வரையறையை நீயே எழுது என்று சொல்லி, ஐம்பது சொல்லுக்கு இடம் விட்டிருந்தார்கள். அதன் தலையில், இது இன்னாருடைய வரையறை என்று போட்டுக்கொள்ள, மாணவரின் பெயருக்கும் ஒரு கோடு. நோட்ஸில் விடை கிடையாது, கைடில் கிடையாது, ட்யூஷன் சாரிடமும் கிடையாது. பதினைந்து வயதுப் பிள்ளை, தன் சொந்த நினைப்புக்கு மேலே தன் சொந்தப் பெயரை எழுத வேண்டும். சில அங்குல வெற்றிடம்தான். அந்த வெற்றிடமும் பாரம் என்று போய்விட்டது.

நம் பள்ளிகளில் பிள்ளையின் பெயரைப் பலரும் பார்க்க எழுதிவைக்கும் வேறோர் இடம் உண்டு. ஆசிரியர் ஐந்து நிமிடம் அலுவலக அறைக்குப் போவார். கிளாஸ் லீடர் சாக்பீஸை எடுப்பான். கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு. கீழே பெயர்கள் ஏறும். பெயர் ஏறிய பிறகும் வாய் மூடாதவனுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. இன்னும் பேசினால் இரண்டு, மூன்று. ‘நான் பேசவே இல்லடா, ரப்பர்தான் கேட்டேன்’ என்று முறையிட்டால் அதற்கும் ஒன்று. லீடருக்கு வேண்டியவன் தொண்டை வறளப் பேசினாலும் பலகைக்கு வரமாட்டான். ஆசிரியர் திரும்பி வந்ததும் விசாரணை ஏதும் கிடையாது. பட்டியலே தீர்ப்பு, முட்டியே தண்டனை.

உளவு, வேண்டியவனுக்குச் சலுகை, வேண்டாதவனுக்கு வழக்கு, முறையிட்டால் கூடுதல் வழக்கு. ஓர் ஆட்சியின் இலக்கணம் முழுவதையும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் நடத்தி முடித்துவிடுகிறோம். உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்திருப்பது இந்தக் கரும்பலகைக்குத் தெரியாது. இந்தப் பாடத்துக்குப் புத்தகம் வேண்டாம், தேர்வு வேண்டாம். எந்த நிபுணர் குழுவும் இதைப் பாரம் என்று நீக்கியதும் இல்லை.

1916இல் அமெரிக்காவில் ஜான் டூயி ‘ஜனநாயகமும் கல்வியும்’ என்று ஒரு தடித்த நூல் எழுதினார். ஜனநாயகம் ஓர் ஆட்சிமுறையோடு முடிந்துவிடுவதில்லை, அது மனிதர்கள் கூடி வாழும் முறை, அதைப் பள்ளிக்கூடத்திலேயே வாழ்ந்து பழக வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த டூயியிடம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த மாணவர் ஒருவர் இந்தியா திரும்பி, அதே கருத்தைச் சாதியின் மேல் எறிந்து ‘சாதி ஒழிப்பு’ எழுதினார்; பிறகு அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அம்பேத்கருக்கு நாம் ஊருக்கு ஊர் சிலை வைத்துவிட்டோம். அவர் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை விரலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

பிள்ளையின் வாயை அடைப்பது ஒரு கட்சியின் கைங்கரியம் என்று மற்றவர்கள் மீசையை முறுக்க வேண்டாம். மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியை 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தத்தின் வழியாகப் பொதுப்பட்டியலுக்குத் தூக்கிக்கொண்டு போனது இந்திரா காந்தியின் அரசு. எதிர்க்கட்சிக்காரர்கள் சிறையில் இருந்தபோது நிறைவேறிய ஏற்பாடு அது. அதன்பின் வந்த யாரும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 2012இல், கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் 1949இல் வரைந்த அம்பேத்கர் கேலிச்சித்திரம் பாடநூலில் இருந்ததற்காக நாடாளுமன்றம் கொதித்தது. அந்தப் படம் தலித் மக்களுக்குத் தந்த வலி உண்மையானது; அந்த வலியை வகுப்பறையில் வைத்துப் பேச அதைவிட நல்ல வாய்ப்பு ஏது? பேசவில்லை. கபில் சிபல் அமைச்சராக இருந்த அரசு, படத்தை எடுத்துவிடுகிறோம் என்று கையைத் தூக்கியது. பாடநூல் ஆலோசகர்கள் சுஹாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் விலகினார்கள். பல்ஷிகரின் புனே அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லக்ஷ்மணின் கேலிச்சித்திரம் அதே பாடநூல் தொகுப்பில் கண்ணில் பட்டதும், அதை நீக்கச் சொல்லி இங்குள்ள தலைவர்களும் வரிந்து கட்டினார்கள். போராடிப் பிறந்த அரசியலுக்கு ஒரு கோட்டுப் படத்தைத் தாங்கும் தெம்பு இல்லை. பாடநூல்களை ஆராய்ந்த தோரட் குழு பல படங்களை எடுக்கச் சொன்னபோது, கூடாது என்று மறுப்புக் குறிப்பு எழுதிய உறுப்பினர் ஒரே ஒருவர்தான்: வரலாற்றாய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன், தமிழர். அவருக்கு எந்தக் கட்சி சால்வை போர்த்தியது?

2023இல் அதே யாதவும் பல்ஷிகரும், கிழிந்த புத்தகத்தில் எங்கள் பெயர் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று கடிதம் எழுதினார்கள். இது கூட்டு முயற்சி, தனி ஆள் விலக முடியாது என்று பதில் வந்தது. வேண்டும் என்ற மாணவரின் பெயருக்கு இடமில்லை. வேண்டாம் என்ற அறிஞரின் பெயருக்கு விடுதலை இல்லை.

பெற்றோரிடம் வருவோம். அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைத்து, அதில் முக்கால்வாசி இடத்தைப் பெற்றோருக்கே கொடுக்கச் சொல்கிறது கல்வி உரிமைச் சட்டம். பாதி இடம் பெண்களுக்கு. கூலி வேலையை விட்டுவிட்டு வரும் ஓர் அம்மா, கழிவறைக்கு ஏன் தாழ்ப்பாள் இல்லை என்று தலைமையாசிரியரை நிற்கவைத்துக் கேட்கலாம். அரசின் உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே லட்சங்களைக் கட்டும் அப்பா, கட்டணம் ஏன் ஏறியது என்று வாட்ஸ்ஆப் குழுவில்கூட எழுதமாட்டார். பிள்ளையின் இன்டர்னல் மார்க் என்ன ஆகும்? கேள்வி கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்து, அதற்குக் கட்டணமும் கட்டி, ரசீதும் வாங்கி வருவதற்குப் பெயர் தரமான கல்வி.

பிள்ளை கேள்வி கேட்டால் ‘எதிர்த்துப் பேசுறான், அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்று அனுப்புகிறார்கள். அப்பாவும் அரை நாள் விடுப்புப் போட்டு வருகிறார். என்ன கேட்டான் என்று விசாரிப்பதில்லை. ‘கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். இப்படிப் பன்னிரண்டு வருடம் கைகட்டி நிற்கப் பழக்கியவனைப் பதினெட்டாம் வயதில் வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போய், விரலில் மை வைத்து, இனி நீதான் எஜமானன் என்கிறோம்.

பிறகு தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்து, ஜனங்கள் ஓட்டுக்குக் காசு வாங்குகிறார்கள், தட்டிக் கேட்கத் துப்பில்லை என்று அங்கலாய்க்கிறோம். மேலே இருப்பவர் கொடுப்பார், கீழே இருப்பவர் வாங்கிக்கொள்வார், நடுவில் கேள்வி கிடையாது: நாம் நடத்திய பாடம் இதுதான். அவன் அதில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறான். அந்த விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவனைத் திட்ட, வினாத்தாள் தயாரித்த நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?