கொடுத்துவைத்த தாம்பரத்துக்காரர்

தாம்பரத்தில் கைதாகிறவரைப் போல் பாக்கியசாலி வேறு எவருமில்லை. 2021 நவம்பரில் ஊருக்கு மாநகராட்சி வந்தது. 2022 ஜனவரி 1 முதல் தனி போலீஸ் கமிஷனரகமும் வந்துவிட்டது. பிடிப்பது முழுக்க உள்ளூரிலேயே முடிந்துவிடும். வெளியே விடுவதற்குத்தான் கொஞ்சம் ஊர் சுற்ற வேண்டும். மாஜிஸ்திரேட் கோர்ட் தாம்பரத்தில், செஷன்ஸ் கோர்ட் தெற்கே செங்கல்பட்டில், உயர் நீதிமன்றம் பாரிமுனையில், ஆள் இருப்பதோ வடகோடியில் புழல் சிறையில். மகனுக்கு ஜாமீன் வாங்கக் கிளம்பும் தாய்க்கு வண்டலூர், கூடுவாஞ்சேரி, பரனூர் எல்லாம் மின்சார ரயில் ஜன்னலில் தரிசனமாகும். மறுநாள் மகனைச் சிறையில் மனு போட்டுப் பார்க்கப் புறப்பட்டால் சென்னை மாநகரம் முழுவதையும் குறுக்கே கடந்துவிடலாம். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த ஒருத்திக்கு இத்தனை உலக அனுபவத்தை வேறு எந்த இலாகா தந்திருக்கிறது?

முதலில் காவல் நிலையத்தின் உபசரிப்பைச் சொல்ல வேண்டும். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு. இதை மீறுகிற பழக்கம் நம்மவர்களுக்குக் கிடையாது. வந்தவரை அவர்கள் கைதே செய்வதில்லை. “விசாரணைக்குத்தாம்மா கூட்டிட்டு வந்திருக்கோம், நீங்க வீட்டுக்குப் போங்க” என்று அன்பாகச் சொல்லிவிடுகிறார்கள். விருந்தாளி இரண்டு நாள் தங்கினால் அதற்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்? கைதுக் குறிப்பில் என்ன நேரம் எழுதப்படுகிறதோ அதிலிருந்துதானே கடிகாரம் ஓடும்!

கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும், வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றெல்லாம் 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அந்தக் கட்டளைகள்மேல் காவல் துறைக்கு இருக்கும் மரியாதையைப் பார்க்க வேண்டுமானால் நிலையத்துச் சுவரை நிமிர்ந்து பாருங்கள். பலகையில் எழுதி, உயரத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். எடுத்துப் புழங்கி அழுக்காக்கும் வழக்கமில்லை. ஒரே ஒரு குறை, கழிப்பறைத் தரை வழுக்குகிறது. அந்தத் தரைக்கு ஆள் அறியும் ஞானம் உண்டு. காக்கி போட்டவரை அது ஒருநாளும் வழுக்கி விட்டதில்லை. கைதிகள் மட்டும் எப்படி விழுகிறார்கள் என்று உயர் நீதிமன்றமே வியந்து கேட்டிருக்கிறது. மாவுக்கட்டுக்குக் கட்டணம் வாங்குவதில்லை என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, ஏன் கைது தேவை என்று காரணம் எழுத வேண்டும், தேவையில்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் தீர்ப்பு வந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 35ஆவது பிரிவிலும் அந்த நோட்டீஸ் இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் என்பது உயிரில்லாத காகிதம். வெள்ளிக்கிழமை மாலையில் நேரில் வந்து அழைத்துப் போவதில் இருக்கும் பாசம் அதில் வருமா? சனி, ஞாயிறு ஜாமீன் மனுவுக்கு விடுமுறை. வீட்டாருக்கும் பதற்றம் தணிய அவகாசம் கிடைக்கிறது.

அடுத்து வக்கீல். நம் வக்கீல்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள். இந்திய பார் கவுன்சிலின் 36ஆவது விதிப்படி அவர்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது. இணையத் தளங்கள் வழியே ஆள் பிடிப்பவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. மிக உன்னதமான கொள்கை. இதனால் தெரிந்த வக்கீல் இல்லாத தாய்க்கு வக்கீலைத் தேடும் வேலையே இல்லை. தேடுவதற்கு முன் அவளைத் தேடி ஒருவர் கோர்ட் வாசல் டீக்கடையிலிருந்து எழுந்து வருவார். “என்ன கேஸும்மா? நம்ம சார்கிட்ட சொல்லிட்டா சாயங்காலத்துக்குள்ள பையன் வெளிய வந்துருவான்.” எஃப்.ஐ.ஆரைப் பார்க்காமலே சொல்லும் தீர்க்கதரிசி அவர். ரசீது கேட்டு அவர் மனதைப் புண்படுத்தக் கூடாது. இப்படிப்பட்ட தரகர்களைப் பட்டியலிட்டுக் கோர்ட்டுக்குள் விடாமல் தடுக்க 2023இல் வழக்கறிஞர்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். பட்டியல்தான் கோர்ட்டுக்குள் போகும். டீக்கடை வெளியேதானே இருக்கிறது!

இன்னொரு வகை வக்கீலும் உண்டு. எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்பார். எந்தப் பிரிவு, ஜாமீனில் விடக்கூடியதா, விட முடியாததா என்று பார்ப்பார். விடக்கூடியது என்றால் ஜாமீன் உங்கள் உரிமை, ஸ்டேஷனிலேயே கேட்கலாம் என்பார். விட முடியாதது என்றாலும் ஜாமீனே கிடையாது என்று அர்த்தமில்லை, அது கோர்ட் பார்த்து முடிவு செய்வது என்பார். கட்டணத்தை முன்பே சொல்லிவிட்டு வக்காலத்தில் கையெழுத்து வாங்குவார். “சாயங்காலத்துக்குள்ள” என்று வாய் நிறைய ஒரு ஆறுதல் சொல்லத் தெரியாதவர். பிழைக்கத் தெரியாத ஆசாமி.

ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன்பிறகுதான் கருணை பெருக்கெடுக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணைப்பத்திரம், அதே தொகைக்கு இரு நபர் ஜாமீன். பணம் கட்ட வேண்டாம், கையெழுத்துத்தான். கையெழுத்துப் போடுகிறவருக்குச் சொத்து இருந்தால் போதும். ஏரிப் புறம்போக்கில் முப்பது வருஷமாக வீட்டு வரி கட்டி, மின் இணைப்பு வைத்து, பட்டா மட்டும் வராமல் குடியிருப்பவருக்கு இரண்டு சொத்துக்காரச் சிநேகிதர்கள் கிடைப்பதா கஷ்டம்? கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. யார் எவர் என்றே தெரியாதவருக்காகத் தலை கொடுக்கும் தொழில்முறை ஜாமீன்தாரர்கள் கோர்ட் வாசலிலேயே இருக்கிறார்கள். காசு வாங்குவார்கள்தான், தியாகத்துக்கும் செலவிருக்கிறதே.

1978இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவருக்குப் பத்தாயிரம் ரூபாய் பிணை கேட்ட மத்தியப் பிரதேச மாஜிஸ்திரேட், ஜாமீன் நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். ஒரு தமிழனோ மலையாளியோ டில்லி சாந்தினி சவுக்கில் பிடிபட்டால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்றும் அந்தத் தீர்ப்பில் கேட்டார். நம்மவனுக்காக அப்படி உருகிய தீர்ப்புக்குக் கைம்மாறாக, பெருங்களத்தூரில் மாடி கட்டவந்த பீகார் கொத்தனாரிடம் நாம் கேட்பது அதே உள்ளூர் ஜாமீன். 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் உள்ளூர் ஜாமீன் நிபந்தனை வேண்டாமே என்றது. உத்தரவாகி ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்றும் எழுதிவைத்தது. எழுத்து அழகாகவே இருக்கிறது.

வெளியே வந்தவருக்கு ஒழுக்கப் பயிற்சி உண்டு. தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. ஒரகடத்தில் காலை ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு வேலை போய்விடும். அதனால்தானே கையெழுத்துக்கு நேரம் தவறாமல் வர முடிகிறது.

இத்தனை கோர்ட் ஏறி இறங்கியும் ஜாமீன் கிடைக்குமா என்று வக்கீலுக்கே சந்தேகம். சந்தேகமே இல்லாமல், கிடைத்துவிடும் என்று திடமாக நம்புகிற ஒரே இடம் கமிஷனர் அலுவலகம். “இவர் ஜாமீனில் வெளிவர வாய்ப்புள்ளது” என்று எழுதித்தான் 1982ஆம் ஆண்டு குண்டர் சட்டத்தில் ஆளை உள்ளே வைக்கிறார்கள். அதில் ஓராண்டு வரை வைக்கலாம். ஜாமீன் என்ற பேச்சுக்கே இடமில்லை. நீதிமன்றத்தின் தாராள மனத்தின்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த காவல் துறை எந்த நாட்டில் இருக்கும்?

ஒரு ரகசியம் மட்டும் மிச்சம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் தர வேண்டும். கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவிடம் வெள்ளைத் தாளில் ஒரு மனு கொடுத்தால் போதும், 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். தயவுசெய்து இதை அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். டீக்கடைத் தரகருக்கு வியாபாரம் கெட்டுவிடும்.