தாம்பரம் டூ எலகங்கா

எங்கள் ஊர் இந்தியாவின் வெளியுறவுக் கொள்கையை ஒரே ஒரு தடவை அசைத்திருக்கிறது. அசைந்த தூரம் சுமார் 350 கிலோமீட்டர்.

2012 ஜூலையில் நடந்தது அது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்றே வருடம். குண்டு போட்ட படைக்கு நம் ஊர் வேலிக்குள்ளேயே பாடம் நடக்கிறது என்றால் வயிறு எரியாதா? எரிந்தது. கட்சிகள் கொதித்தன. முதல்வர் ஜெயலலிதா, அவர்களை உடனே இலங்கைக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார். டெல்லியும் சட்டென்று பணிந்தது. ஒன்பது பேரையும் மூட்டை முடிச்சோடு கிளப்பி, பெங்களூருக்குப் பக்கத்தில் உள்ள எலகங்கா விமானப்படைத் தளத்தில் இறக்கிவிட்டது. அதே இந்தியா, அதே விமானப்படை, அதே பயிற்சி. பின்கோடு மட்டும் வேறு.

சேலையூரில் நான் டீ குடிக்கிற கடையில் ஒருவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“ஓட விட்டுட்டோம்ல!”

“எங்கண்ணே?”

“பெங்களூருக்கு.”

டீ மாஸ்டர் டபராவைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “அங்க கிளைமேட்டும் நல்லா இருக்கும்.”

எலகங்காவும் கூடாது என்று ஜெயலலிதா மறுபடி எழுதினார். இலங்கை நட்பு நாடு, பயிற்சி தொடரும் என்று டெல்லி மறுபடி சொன்னது. பெருக்கின குப்பையைக் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, வாசல் சுத்தமாகிவிட்டது என்று கோலம் போடுகிற வித்தை புறநகர்க்காரர்களுக்குப் புதிதில்லை. ஆனால் அதை ஒரு வல்லரசு எங்களுக்கே செய்து காட்டியது அதுதான் முதல் தடவை.

ருசி கண்ட பூனை அத்தோடு விடுமா? அந்த செப்டம்பரில், கால்பந்து ஆட வந்த இலங்கைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினோம். நேரு விளையாட்டரங்கை ஆடக் கொடுத்த அதிகாரியைப் பணியிடை நீக்கம் செய்தோம். பாதுகாப்பு அமைச்சரின் மேசையைத் தொட முடியாதவர்கள் பிள்ளைகளின் பந்தைத் தொட்டோம். அதற்குப் பெயர் இன உணர்வு.

அதற்கும் நாலு வருடம் முன்னால் ஜி.எஸ்.டி. சாலையில் நான் நனைந்த கதையைச் சொல்ல வேண்டும். நனைந்தது நான் மட்டும் இல்லை, சென்னை சிங்காரவேலர் மாளிகையிலிருந்து செங்கல்பட்டு வரை நனைந்தோம்.

2008 அக்டோபர் 14-ல் முதல்வர் கருணாநிதி அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டினார். அதிமுகவும் மதிமுகவும் போகவில்லை. இலங்கையில் இரண்டு வாரத்துக்குள் போர் நிறுத்தத்துக்கு மத்திய அரசு வழி செய்யாவிட்டால் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் ராஜினாமா செய்வார்கள் என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்தது மனிதச் சங்கிலி. 21-ந் தேதி என்றார்கள். மழை என்று 24-க்குத் தள்ளினார்கள். 24-ந் தேதியும் மழை. மழைக்கு எந்தத் தீர்மானமும் பொருட்டில்லை போலிருக்கிறது.

சானடோரியம் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. இடது கையில் ஒரு கல்லூரிப் பையன். வலது கையில் ஒரு பெரியவர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடை கொண்டு வந்திருந்தார். குடையைப் பிடித்தால் சங்கிலி அறுகிறது. சங்கிலியைப் பிடித்தால் குடை விரிகிறதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குடையை மடித்து அக்குளில் சொருகிக்கொண்டு என் கையைப் பிடித்தார். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. தலைமுடி வழியாக வழிகிற தண்ணீரைத் துடைக்கக் கை இல்லாமல் அப்படியே நின்றார்.

“தம்பி, ரயில்ல சங்கிலியப் புடிச்சு இழுத்தா வண்டி நிக்கணும். காரணம் இல்லாம இழுத்தா அபராதம். நாம இழுக்கறோமே, வண்டி நிக்குமா?”

நிற்கும் என்று சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

வண்டி ஓட்டுகிறவர்களின் கடிதங்கள் அப்போது எங்கே இருந்தன தெரியுமா? திமுக எம்.பி.க்கள் ராஜினாமாக் கடிதம் எழுதினார்கள், மறுக்கவில்லை. ஆனால் கொண்டுபோய்க் கொடுத்தது கட்சித் தலைவரிடம். தேதி அக்டோபர் 29 என்று முன்கூட்டியே போட்டு. வாடகைக்கு வீடு எடுக்கிறவன் கொடுக்கிற போஸ்ட் டேட்டட் செக் மாதிரி. அரசியல் சட்டத்தின் 101-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: உறுப்பினர் பதவி விலக வேண்டுமானால் கையெழுத்திட்ட கடிதத்தை மக்களவையில் சபாநாயகருக்கும் மாநிலங்களவையில் அவைத் தலைவருக்கும் அனுப்ப வேண்டும். கோபாலபுரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று அதில் இல்லை. ரேஷன் கார்டில் ஒரு எழுத்துப் பிழைக்கு ஏழு தடவை அலைய விடுகிற நாடு இது. சட்டம் இயற்றுகிறவர்களுக்குத் தங்கள் சொந்தக் கடிதத்தின் முகவரி தெரியாமலா போயிருக்கும்? முகவரி தெரிந்ததால்தான் அங்கே போகவில்லை.

26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்தார். முதல்வரைச் சந்தித்தார். 800 டன் நிவாரணப் பொருள் அனுப்புவதாகப் பேச்சு. ராஜினாமாவுக்கு இப்போது அவசியம் இல்லை என்று ஆனது. மறுநாள் தீபாவளி. கொடியில் போட்ட என் சட்டை இன்னும் காயவில்லை.

போர் நிற்கவில்லை.

எம்.பி.க்கள் பாவம், அவர்களிடம் என்ன பலம் இருந்தது என்று கேட்கிறவர்கள் அதே வருடம் ஜூலை 22-ந் தேதியைப் புரட்டிப் பார்க்கலாம். அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்துக்காக மன்மோகன் சிங் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் நின்றது. ஆதரவு 275, எதிர்ப்பு 256. பத்தொன்பது ஓட்டு வித்தியாசம். திமுகவிடம் மட்டும் அப்போது 16 எம்.பி.க்கள். அவர்கள் எதிர்ப்பக்கம் எழுந்து உட்கார்ந்தால் அன்றைக்கே ஆட்சி இல்லை. அமெரிக்க ஒப்பந்தத்தைக் காப்பாற்ற அந்த ஓட்டு செல்லுபடியானது. மூன்றே மாதத்தில், ஈழத்துக்கு என்று வந்தபோது, கடிதமாகச் சுருங்கி ஒரு டிராயருக்குள் போனது. பொத்தான் கையில் இருந்தபோது ஒருவரும் அழுத்தவில்லை. பொத்தான் இல்லாத எங்களை மழையில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

எதிர்க்கட்சி மட்டும் என்ன வாழ்ந்தது? போர் என்றால் மக்கள் சாவது நடக்கிறதுதான் என்று 2009 சனவரியில் பேசிய ஜெயலலிதா, ஓட்டு நெருங்கிய ஏப்ரலில் தனி ஈழம் அமைத்துத் தருவதாகப் பேசினார். வன்னியில் சனவரியிலும் மக்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஏப்ரலிலும் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இங்கே தேர்தல் தேதி வந்திருந்தது.

அந்தச் சனவரி 29-ல், நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் என்ற இளைஞர் ஈழப் போரை நிறுத்தச் சொல்லித் தீக்குளித்தார். அப்படிச் செய்திருக்கவே கூடாது, எந்த எம்.பி.யின் காதும் ஓர் உயிருக்குப் பெறாது. அவரும் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டில் எழுதப்பட்டுத் திரும்பப் பெறப்படாத கடிதம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மே 13-ல் நாங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். 39 தொகுதியில் 27-ஐ ஆளும் கூட்டணிக்கே கொடுத்தோம். தாம்பரம் இருக்கிற ஸ்ரீபெரும்புதூரையும் சேர்த்து. எங்களையும் திட்டாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நியாயமாகாது என்பதற்காகச் சொல்கிறேன். ஐந்தே நாளில், மே 18-ல், அங்கே எல்லாம் முடிந்தது. மே 27-ல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றம் கூடியபோது, இலங்கை அரசைப் பாராட்டுகிற தீர்மானத்துக்கு இந்தியா கை தூக்கியது. எங்கள் கையையும் சேர்த்துத்தான்.

எங்களைக் கேட்காமலே எங்கள் கையைத் தூக்க முடிவது எப்படி? வெளிநாட்டோடு முறையான உடன்படிக்கை (ட்ரீட்டி) போட வேண்டுமென்றால் அமெரிக்காவில் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும். இங்கே அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அமைச்சரவை முடிவு செய்யும், கையெழுத்துப் போடும். நாடாளுமன்றம் மறுநாள் பேப்பரில் படித்துக்கொள்ளும். விதிவிலக்கு ஒன்று உண்டு: நாட்டின் நிலத்தைக் கொடுப்பதென்றால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-ல் சொன்னது. வங்கதேசத்தோடு நிலம் மாற்றிக்கொள்ள 2015-ல் நூறாவது திருத்தம் வந்ததும் அதனால்தான். இலங்கைக்குப் போன கச்சத்தீவுக்கு மட்டும் ஏன் திருத்தம் வரவில்லை என்று கேட்பீர்கள். 285 ஏக்கரை நாங்கள் கொடுக்கவே இல்லையே, யாருடையது என்று தெரியாமல் கிடந்ததற்குக் கடலில் ஒரு கோடுதானே போட்டோம் என்றது டெல்லி. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாடாளுமன்றத்தில் அறிக்கை வாசித்தார்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கண்டனத் தீர்மானம் போட்டது. மீன்பிடிக்கும் பாத்தியதையை ஒழித்த 1976 மார்ச் கடிதப் பரிமாற்றத்துக்கு அந்தக் கண்டனம்கூட வரவில்லை. சனவரி 31-ந் தேதியே ஆட்சியைக் கலைத்துவிட்டிருந்தார்கள். அவசரநிலை. கண்டிக்க ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தபால் போட்டார்கள்.

அப்படியானால் மாநிலம் என்ன செய்தாலும் வண்டி நிற்காதா? நின்றிருக்கிறதே. 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்கா புறப்பட்டபோது, தீஸ்தா நதிநீர் ஒப்பந்தம் பிடிக்கவில்லை என்று அன்றைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி கூடப் போக மறுத்தார். ஒப்பந்தம் நின்றது. இன்றுவரை நிற்கிறது. நான் அதன் நியாய அநியாயத்துக்குள் போகவில்லை. கீழே இருக்கிற வங்கதேச விவசாயிக்கு அது கொடுமைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். அங்கே ஓர் அம்மாள் விமானம் ஏறவில்லை. இங்கே ஒரு மாவட்டமே மழையில் நின்றது.

2013-ல் ஈழத்துக்காக மாணவர்கள் எழுந்தார்கள். கட்சிக்கொடி இல்லாமல் எழுந்தார்கள். அதனாலேயே கட்சிகளுக்கு வியர்த்தது. மார்ச் 19-ல் திமுக மத்திய அரசிலிருந்து வெளியேறியது. இந்தத் தடவை நிஜ ராஜினாமா, ஐந்து அமைச்சர்கள். பரவாயில்லையே என்று நினைத்தேன். ஜூனில் மாநிலங்களவைத் தேர்தல் வந்தது. கனிமொழிக்குக் காங்கிரஸ் ஓட்டுப் போட்டது. கோபம் மூன்று மாதம் தாங்கியது. ஊறுகாய்கூட அதைவிடக் கூடுதலாகத் தாங்கும்.

இப்போது கடைசிக் காட்சி. 2024 தேர்தலில் பிரதமர் மோடி திடீரென்று கச்சத்தீவைக் கையில் எடுத்தார், காங்கிரஸ் தாரைவார்த்தது என்று. தேர்தல் முடிந்தது, தீவு கடலிலேயே கிடந்தது. 2025 ஏப்ரல் 2-ல், கச்சத்தீவை மீட்க வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மறுபடி தீர்மானம் போட்டது, பாஜகவும் ஆதரித்தது. மூன்றாம் நாள், ஏப்ரல் 5, கொழும்பில் பிரதமர் முன்னிலையில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்புத் துறையில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்கடுத்த நாள் அதே பிரதமர் ராமேஸ்வரத்தில் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார். நாம் கைதட்டினோம். கையெழுத்தான ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கு நமக்கு யாரும் காட்டவில்லை.

ஒன்பது பேர் பயிற்சிக்கு வந்ததற்கு வானத்துக்கும் பூமிக்கும் குதித்த ஊர் இது. இரண்டு நாடும் ராணுவ விஷயத்தில் கைகுலுக்கி ஒப்பந்தமே போட்ட அன்று, சனிக்கிழமை, ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த ஒரே சங்கிலி பெருங்களத்தூர் தாண்டி நின்ற வண்டிகளின் சங்கிலிதான். ஊருக்குப் போகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். எந்தக் கட்சியும் அழைக்கவில்லை. அப்போது தேர்தல் பக்கத்தில் இல்லை பாருங்கள்.

தேர்தல் வரும். மழைக்காலமும் வரும். கோர்க்கக் கை கேட்டு வாசலுக்கு வருவார்கள். வந்தால், கை கொடுப்பதற்கு முன்னால் ராஜினாமாக் கடிதத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தேதி இன்றைய தேதியா, பெறுநர் என்ற இடத்தில் யார் பெயர் என்று பாருங்கள். சபாநாயகர் என்று இருந்து, தபால் போட்ட ரசீதும் இருந்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள். சானடோரியத்தில் அதே இடத்தில் வந்து நிற்கிறேன். குடை எடுத்து வர மாட்டேன்.