காய்ச்சல் கடிதமும் கமாவின் அதிகார வரம்பும்: ஓர் ஆய்வு

ஆங்கில நிறுத்தக்குறிப் பிழைகளை ஆராயப் புகுவோர் இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. நம் ஊர்ப் பள்ளி விடுப்புக் கடிதமே போதும். பாட்டி மரணம், அக்கா கல்யாணம் எனப் பாடபேதங்கள் பல இருப்பினும், காய்ச்சல் பிரதியே மூலப்பிரதி என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

அது வருமாறு: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு கம் டு ஸ்கூல்.’ இதில் பிழையில்லை. தலையில் நிற்கும் ‘ஆஸ்’ முன்பாதியைப் பின்பாதிக்குச் சார்பாக்கிவிடுகிறது. நடுவில் கமா நிற்பது முறையே. அவசரத்தில் அந்த ‘ஆஸ்’ விடுபட்டால்தான் விபரீதம். காய்ச்சல் ஒரு முழு வாக்கியம், பள்ளிக்கு வராதது இன்னொரு முழு வாக்கியம் என்றாகி, இரண்டையும் வெறும் கமா இழுத்துப் பிடிக்கிறது. இதற்குக் ‘கமா ஸ்ப்ளைஸ்’ என்று பெயர். கமா கடைநிலை ஊழியர். இரு முழு வாக்கியங்களை இணைக்கும் கோப்பில் தனியாகக் கையெழுத்திட அவருக்கு அதிகாரமில்லை. ‘ஸோ’, ‘அண்ட்’, ‘பட்’ ஆகிய மேலதிகாரிகளில் ஒருவர் கூடவே ஒப்பமிட வேண்டும். அவர்கள் சீட்டில் இல்லையா, அரைப்புள்ளியிடம் போகலாம். அதுவும் கைகூடாதபோது முற்றுப்புள்ளி வைத்துக் கோப்பை மூடிவிடுவது உத்தமம்.

கமாவையே தூக்கிவிட்டால் தீர்ந்தது என்போரும் உளர். அது தீர்வன்று, ‘ரன்-ஆன்’ எனும் முற்றிய நிலை. எதிரணியினரோ ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்றெழுதி அங்கேயே முற்றுப்புள்ளி வைக்கிறார்கள். காய்ச்சலாக இருப்பதால்... இருப்பதால் என்னப்பா? ஹெட்மாஸ்டர் அந்தரத்தில் தொங்குகிறார். வேறு சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று முன்னால் ‘ஆஸ்’, பின்னால் ‘ஸோ’ இரண்டையும் போடுவர். ஒன்று போதும்.

பரிசோதனை எளிது. குறிக்கு இருபுறமும் உள்ளதைத் தனித்தனியே வாய்விட்டுப் படிக்கவும். இரண்டும் சொந்தக் காலில் நின்றால் கமா மட்டும் போதாது. ஒன்று தொங்கினால் முற்றுப்புள்ளி கூடாது.

1859இல் வெளிவந்த ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ நாவலின் முதல் வாக்கியத்தில் டிக்கன்ஸ் முழு வாக்கியங்களைக் கமாவாலேயே அடுக்கவில்லையா என்று கேட்கலாம். அடுக்கினார். அவர் யாரிடமும் லீவு கேட்டு எழுதவில்லை.

அப்படியானால் கமா ஒரு பொருட்டே அல்ல என்று முடிவு கட்டுவோர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைக் கேட்க வேண்டும். ஓவர்டைம் சம்பளத்திலிருந்து விலக்கப்பட்ட வேலைகளை அங்கே சட்டம் வரிசையாகச் சொல்லி, கடைசியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று முடித்தது. ‘ஆர்’ என்பதற்கு முன் கமா இல்லை. விநியோகம் தனி வேலையா, அல்லது விநியோகத்துக்காக மூட்டை கட்டுவதுதான் விலக்கா? ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் மூட்டை கட்டுவதில்லை; கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு சரி. வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. மாநிலச் சட்டமன்றம் அந்தப் பட்டியலைத் திருத்தியபோது விடுபட்ட கமாவைச் சேர்க்கவில்லை. இருந்த கமாக்களையும் நீக்கிவிட்டு, வரிசை நெடுக அரைப்புள்ளி வைத்துவிட்டது.