மோட்டார் சைக்கிள் இல்லாத ஹெல்மெட்

உடுப்பிட்டிச் சந்தியில் காலை ஏழரைக்கு ஹெல்மெட்டும் கையுமாக நிற்கிற மனிதரைப் பார்த்து, அவருடைய மோட்டார் சைக்கிள் பக்கத்தில் எங்கோ நிற்கிறது என்று நினைத்தால் நீங்கள் வெளியூர். அண்ணருக்கு மோட்டார் சைக்கிள் கிடையாது. ஓடவும் தெரியாது. ஹெல்மெட் மட்டும் சொந்தம். பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போடவேண்டும் என்பது சட்டம். பொலிஸ் மறித்தால் தண்டம் ஓடுகிறவர் தலையில். "ஏத்தலாம் ஐயா, ரெண்டாவது ஹெல்மெட் இல்லை" என்று நழுவ இளந்தாரிகளுக்கு இருந்த ஒரே பொட்டையும் அண்ணர் அடைத்துவிட்டார்.

அந்த ஹெல்மெட்டின் பட்டி எப்போதோ அறுந்து போனது. இப்போது அந்த இடத்தில் சப்பாத்து நூல். நெல்லியடிச் சந்தைக்குப் போகும்போது தலையில் இருக்கும்; சந்தைக்குள் அதுவே கூடை. வெண்டிக்காயும் பச்சைமிளகாயும் அடியில், கருவேப்பிலை மேலே. திரும்பி வரும்போது சாமான் பைக்குள் மாறும், ஹெல்மெட் தலைக்கு ஏறும். அண்ணரைப் பின்னால் ஏற்றிய எவருக்கும் அந்தக் கருவேப்பிலை மணம் தெரியும்.

கை காட்டி மறிப்பது அவர் வழக்கமில்லை. அது பிச்சை கேட்பது போல இருக்குமாம். மோட்டார் சைக்கிள் தூரத்தில் தெரிந்ததும் ஹெல்மெட்டைத் தலையில் போட்டு, சப்பாத்து நூலை முடிவார். அவ்வளவுதான். வருகிறவனுக்கு, தான் ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு மறந்துபோன ஆள் நிற்கிறார் என்று ஒரு மயக்கம் வரும். பிறேக் தானாகப் பிடிபடும்.

ஏறியபின் தொடங்கும் விசாரணை.

"தம்பி எவடம்?"

"கரவெட்டி ஐயா."

"கரவெட்டியிலை எவடம்?"

"கிழக்கு."

"ஆற்றை மோன்?"

இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும் அண்ணர் கொஞ்ச நேரம் பேசமாட்டார். உள்ளே கணக்கு ஓடும். அந்தப் பொடியனின் அம்மம்மாவின் தமக்கையை இமையாணனில் கட்டிக் கொடுத்தது, அந்தத் தமக்கையின் புருஷன் அண்ணருடைய சிறியதகப்பனோடு ஒரே கந்தோரில் இருந்தது, எல்லாம் ஒவ்வொன்றாக எழும்பி வரும். "அப்ப நீர் எனக்கு மருமோன் முறையெல்லோ!" என்று முதுகில் ஒரு தட்டு. அதற்குப் பிறகுதான் உண்மையான உதவி: "மருமோன், உதிலை சங்கக் கடையடியிலை ஒருக்கா நிப்பாட்டும், ஒரு கிலோ சீனி எடுத்துக்கொண்டு ஓடியாறன்."

கவனித்தீர்களா? முன்பின் தெரியாத ஆளிடம் அவர் உதவி கேட்கவே இல்லை. முதலில் அந்தத் தெரியாத ஆளை இல்லாமல் ஆக்கினார். பிறகு மருமகனிடம் கேட்டார். மருமகன் சீனிக்காக நிற்பது கடமை, உபகாரம் அல்ல. ஆகவே நன்றியும் கிடையாது. இறங்கும்போது "அம்மாவைக் கேட்டதாச் சொல்லும்" என்பார். நன்றி சொன்னால் மருமகன் மறுபடி அந்நியனாகிவிடுவான் அல்லவா?

இந்த முறைக்கு வல்லைவெளி ஒன்றுதான் இடைஞ்சல். யாழ்ப்பாணத்திலிருந்து வடமராட்சிக்குள் நுழையும் அந்த வெட்டையில் காற்று வாயைத் திறக்க விடாது. "எவடம்?" என்று இவர் கேட்டால் அது கடலுக்குத்தான் கேட்கும். அதனால் முனியப்பர் கோயிலடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தவைத்து, ஓடுகிறவன் திருநீறு எடுக்கிற இடைவெளியில் முதல் இரண்டு கேள்விகளையும் முடித்துக்கொள்வார். முனியப்பரும் இதற்கெல்லாம் பழகிவிட்டிருப்பார்.

ஒழுங்கு இல்லாத மனிதர் என்று நினைக்கவேண்டாம். பெண்பிள்ளைகள் ஸ்கூட்டியில் வந்தால் ஹெல்மெட் தலைக்குப் போகாது. சாப்பாட்டுக் கரியரும் சுடுதண்ணிப் போத்தலுமாக ஒருவன் மந்திகைப் பக்கம் போனால் அது ஆஸ்பத்திரிக்கு என்று தெரியும், மறிக்கமாட்டார், "ஆருக்குச் சுகமில்லை?" என்று மட்டும் கத்திக் கேட்பார். காசு கடனாகக் கேட்டதாக ஊரில் ஒரு சாட்சி இல்லை. ஏற்றிவந்தவன் வீட்டுக்குள் போகாமல் திரும்பினால் படலையில் மறித்து இரண்டு தேசிக்காயாவது கையில் திணிப்பார். அந்தத் தேசிக்காய் வேறொருவர் வளவில் பிடுங்கியது என்பது தனிக் கதை.

தபால் கந்தோரில் அவருடைய தேவை பேனை. பேனையைக் கொடுத்தவர் கையெழுத்து அழகாக இருந்தால் போமையும் நிரப்பிக் கொடுக்கவேண்டி வரும். யாராவது ஏளனமாகப் பார்த்துவிட்டால் அண்ணருக்குப் பொறுக்காது: "சிவசம்புப் புலவர் பிறந்த ஊர் தம்பி இது. எழுத்துத் தெரியாதெண்டு நினையாதையும். கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டன்." புலவர் 1910இல் காலமானார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஊருக்கு இப்படி ஒத்தாசை செய்துகொண்டிருக்கிறார்.

அவருடைய திறமையின் உச்சம் சிங்களக் கடித விவகாரம். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்தச் செய்தி கொழும்பில் சில மேசைகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலும். ஓய்வூதியம் பற்றி அண்ணருக்கு வந்த கடிதம் தலையிலிருந்து கால்வரை சிங்களம். ஊரில் வாசிக்கக்கூடியவர்களைத் தேடி அலுத்து, கடைசியில் தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் படம் எடுத்துக்கொண்டு நின்ற தென்னிலங்கைச் சுற்றுலாக் குடும்பத்திடம் போனார். அண்ணருக்குத் தெரிந்த சிங்களம் ஒரே ஒரு வசனம். வேறு எது? "மாத்தயா, கம கொஹேத?" ஐயா, ஊர் எவடம்?

குடும்பத் தலைவர் மாத்தறை என்றார்.

"மாத்தறையோ!" அண்ணரின் முகத்தில் வெளிச்சம். ஒருகாலம் தெற்கில் பட்டினத்துக்குப் பட்டினம் யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக் கடைகள் இருந்தன. 1958 கலவரத்தோடு பல பூட்டுண்டன. அண்ணரின் பெரியதகப்பனுக்கும் மாத்தறையில் ஒரு சுருட்டுக் கடை. பெரியதகப்பன், சுருட்டு, மாத்தறை மூன்றையும் கை, வாய், புகை விடும் பாவனை என்று அண்ணர் நடித்துக் காட்ட, அந்த மனிதர் தன் தாத்தா யாழ்ப்பாணச் சுருட்டு மட்டுமே பிடித்தவர் என்று பதிலுக்கு நடித்தார். உறவு முடிந்தது. பிறகு கடிதம் வெளியே வந்தது. அவர் கவனமாக முழுவதும் வாசித்து, பாதி ஆங்கிலம் பாதி கையசைவாகச் சொன்ன சாரம்: இந்தக் கடிதத்தின் தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும்.

தெரியாதவரிடம் உதவி கேட்கிற இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1990களின் தொடக்கத்தில் போரால் தரைப்பாதை அடைபட்டு, கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து சனம் போய்வந்த காலத்தில், கொழும்புக்குப் போகிற எவரும் தபால்காரர்தான். யாரென்று தெரியாதவர் படலையில் வந்து நிற்பார். "நாளைக்குப் பயணமாம்" என்பார். ஒட்டாத கடிதம் ஒன்று கைமாறும். ஒட்டாமல் கொடுப்பதுதான் மரியாதை, வழியில் சோதனைக்குத் திறந்து காட்டவேண்டி வரும் என்பதால். வெளிநாட்டிலிருந்த பிள்ளைக்கு அப்பா செத்த செய்தி அப்படி முகம் தெரியாத நாலைந்து கைகள் மாறிப் போன வீடுகள் வடமராட்சியில் எத்தனையோ. அந்தக் காலத்தில் ஒருவர் "ஏலாது" என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. இப்போதும் அந்தச் சொல் ஊரில் புழக்கத்துக்கு வரவில்லை. விருப்பமில்லாதவர்கள் "பாப்பம்" என்பார்கள். அண்ணர் அதை "ஓம்" என்று எடுத்துக்கொள்வார்.

உதவி பெற எதுவும் சொல்லவேண்டாத இடமும் நடை தூரத்தில் இருக்கிறது. செல்வச்சந்நிதி மடங்களில் மத்தியானம் போய் இருந்தால் சோறு வரும். எவடம், ஆற்றை மோன் என்று யாரும் கேட்பதில்லை. பூசகர்கூட வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமல் பூசை செய்கிற கோயில் அது. அண்ணர் ஆவணித் திருவிழாவுக்குத் தவறாமல் போவார், சாப்பிடுவார். ஆனால் அந்த முறை அவருக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. "பக்கத்திலை இருந்து சாப்பிட்டவன் ஆரெண்டு கடைசிமட்டும் தெரியேல்லை" என்று அடுத்த நாளும் குறைப்படுவார்.

போன வருஷம் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பொடியன் ஒருவன், கைபேசி காட்டிய வழியில் மோட்டார் சைக்கிளில் வந்து ஒழுங்கைக்குள் முட்டுப்பட்டு, ஜீன்ஸ் முழங்காலில் கிழிந்தபடி சந்தியில் நின்றான். "எக்ஸ்கியூஸ் மீ அங்கிள், பண்டகைப் பிள்ளையார் கோயில்..." வசனத்தை அவன் முடிக்கவில்லை. சப்பாத்து நூல் முடிபட்டுவிட்டது. கோயில்வரை பின்னால் ஏறிப் போனார். வழியிலேயே அவன் மருமகனானான். அவன் புறப்படுகிற அன்று மிளகாய்த்தூள், புழுக்கொடியல், பனங்கட்டி, வேப்பம்பூ வடகம் என்று ஒரு பார்சல் வந்தது, ஸ்காபறோவில் இருக்கிற தங்கச்சிக்கு. "இரண்டு கிலோ வராது மருமோன்." தராசு நாலரை காட்டியது. பெடியன் இரண்டு சோடிச் சப்பாத்தை எடுத்துத் தாயிடம் விட்டுவிட்டுப் பார்சலை வைத்தான்.

விமான நிலையங்களில் ஒரு கேள்வி கேட்பார்கள்: பையை நீங்களே அடுக்கினீர்களா, வேறு யாரும் ஏதாவது தந்துவிட்டார்களா? உடுப்பிட்டியை மனதில் வைத்து எழுதிய கேள்வி என்றே எனக்குப் படுகிறது. உண்மை சொல்வதென்றால், நான் அடுக்கியது பல்துலக்கி மட்டும், மிச்சம் ஊர் அடுக்கியது என்று சொல்லவேண்டும். பெடியன் என்ன சொன்னானோ, பார்சல் போய்ச் சேர்ந்தது.

ஸ்காபறோவில் கதவைத் திறந்த தங்கச்சி பார்சலை வாங்கி, முகர்ந்து பார்த்து, வெளியே நின்றவனை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"தம்பி ஊரிலை எவடம்? ஆற்றை மோன்?"

பாவம், அவன் சொல்லிவிட்டான்.

"ஐயோ, அப்ப எங்கட ஆளெல்லோ! உள்ளை வாரும், தேத்தண்ணி குடியும். குடிச்சிட்டு, குறை நினையாதையும், உந்த வாசல் ஸ்னோவை ஒருக்காத் தள்ளிவிடும்."