பார்வையாளர் கருத்து: ஒரு மேற்படி ஆய்வு

குமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுச் சும்மா போவதில்லை, எதையாவது எழுதிவைத்துவிட்டுத்தான் போகிறார்கள். கடலைப் பற்றியும் பாறையைப் பற்றியும் நூல்கள் வந்தாயிற்று. இந்த எழுத்துகளைத்தான் அறிஞர் உலகம் சீந்தவில்லை. அக்குறை நீக்கவே இவ்வாய்வு.

பொருளின் தொன்மை சிதறால் மலையில் தொடங்குகிறது. 9ஆம் நூற்றாண்டையொட்டி அம்மலையில் சமண உருவங்களைச் செய்வித்தவர்கள், கீழே தம் பெயரை வட்டெழுத்தில் வெட்டிவைத்தார்கள். திருநறுங்கொண்டை வீரணந்தி அவர்களில் ஒருவர். பெயர், ஊர், முடிந்தது. இன்று பாறை கண்ட இடமெல்லாம் காணப்படும் வடிவம் சற்றே விரிந்தது: பெயர், ஊர், இன்னொரு பெயர், நடுவில் அம்பு தைத்த இதயம். வீரணந்தியின் எழுத்தைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் கீறும் இதயக்காரருக்கோ அதே சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தப்படி இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். (வீரணந்தி கையோடு ஒரு சிற்பமும் தந்தாரே என்று எதிர்த்தரப்பு வாதிடலாம்.)

அயலகச் சான்றுகளுக்கும் பஞ்சமில்லை. இலங்கைச் சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில், ஓவியப் பெண்களைக் கண்டு கிறங்கியவர்கள் கவிதையாகவே கீறிவைத்தார்கள். தொல்லியல் அறிஞர் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்தெடுத்து 1956இல் நூலாக்கினார். குமரி தமிழ்நாட்டோடு இணைந்ததும் 1956இல்தான். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் ஆய்வுக் கட்டுரையென்றால் இப்படி ஒன்றாவது வேண்டும். எகிப்தில் ஆறாம் ராமசேஸ் கல்லறைக்குப் போன பழங்காலப் பயணி ஒருவர், இந்தச் சித்திர எழுத்து எனக்குப் படிக்க வரவில்லையே என்று சுவரில் புலம்பியிருக்கிறார். வராவிட்டால் உனக்கென்ன என்று இன்னொருவர் பதில் கீறியிருக்கிறார்.

நம் நாட்டுப் பார்வையாளர் நோட்டுப் புத்தகத்தில் இந்தச் சண்டைக்கு வழியில்லை. தேதி, பெயர், ஊர், கருத்து என்று கட்டம் போட்டு, பேனாவை நூலால் கட்டிவைத்திருப்பார்கள். முதல் ஆள் ‘மிக நன்று’ என்று எழுதுவார். அடுத்தவர் ‘மேற்படி’. அதற்கடுத்தவர் இரண்டு சிறு கோடு. இது பக்கத்தின் அடிவரை இறங்கும். மறுபக்கத்துக்கு மேற்படி தாண்டாது என்பதால் அங்கே ஒருவர் வேறு வழியின்றிச் சிந்திக்கிறார். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒரு கருத்து என்பது இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. விதிவிலக்கு கழிப்பறை. அதைப் பற்றி எழுதுகிறவர் எவரும் மேற்படி போடுவதில்லை, முழு வாக்கியமாகவே எழுதுகிறார்.

தக்கலைப் பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனை தனிச்சிக்கல். நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. குறை சொல்ல நினைப்பவர் எந்த மொழியில் சொல்வது என்று யோசிப்பதற்குள் பின்னால் நிற்பவர் பேனாவை இழுத்துவிடுவார்.

உள்ளூர் நாஞ்சில்காரர் எங்கேயும் எழுதுவதில்லை. வெளியூர்ச் சொந்தக்காரரைக் கூட்டிவந்திருப்பார். நோட்டை நீட்டினால், “நீங்க எழுதுங்க மச்சான், நமக்கு இது தெனமும் உள்ளதுல்லா” என்று ஒதுங்கிக்கொள்வார். பிறகு வாசலில் சாயாக்கடைக்கு வந்ததும் திறக்கும் அணை. டிக்கெட் விலை, கூரை ஓடு, காவலாளியின் முகம், மன்னர் மார்த்தாண்டவர்மா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என எதுவும் மிச்சமிராது. இந்த வாய்மொழித் தொகுதியைப் பதிவு செய்ய இவ்வாய்வாளர் நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். பேச்சு உடனே தோவாளைப் பிச்சிப்பூ விலைக்கு மாறிவிட்டது.