ஓசி மென்பொருளின் குறை

ஜாசின் பக்கத்துத் தோட்டக் கோயில் கமிட்டிக்கு லிப்ரே ஆபிஸ் என்ற திறந்த மூல மென்பொருளை ஓசியில் போட்டுக் கொடுத்தால், "தம்பி, கட்டம் கோணுதே" என்பார் செயலாளர். உண்மைதான். அடுத்தவர் அனுப்பிய வோர்டு கோப்பைத் திறந்தால் சில சமயம் அட்டவணை இடம் மாறிவிடும். அவருடைய திருட்டு வோர்டோ தலையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு உரிமம் கேட்டு மிரட்டுகிறது. அந்த அறிவிப்பை மட்டும் சத்தமில்லாமல் மூடிவிடுவார். 2004இல் மலேசிய அரசே திறந்த மூல மென்பொருளுக்குப் பெருந்திட்டம் போட்டது. அது அரசு அலுவலகங்களுக்கு; கமிட்டிக்கு யார் சொல்வது? அன்னதானத்தில் உப்பு குறைந்தால் வாய் திறக்காதவர், இங்கே கொடுக்காத காசைத் திருப்பிக் கேட்காத குறை. சரி, மெனுவையாவது தமிழில் காட்டுவோமே என்று மாற்றினால், "ஐயோ, ஒண்ணும் புரியல, இங்கிலீசுக்கே மாத்திடு தம்பி!"